சொந்தக்காரர் இல்லாத நிறம்

அண்ணாச்சியிடம் நீலம் வாங்கப் போகக்கூடாது. கண்டியில் குடியிருந்த காலத்தில் இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளைத் துணி அலசக் கொஞ்சம் நீலம் வேண்டும் என்று மனைவி சொல்லி அனுப்புவாள். கடை எங்கள் வளவிலிருந்து கூப்பிடு தூரம். போனவன் திரும்பி வருவதற்குள் வேட்டியெல்லாம் நீலம் காணாமலே கொடியில் காய்ந்து கிடக்கும்.

“ஒரு கட்டி நீலம் குடுங்க, அண்ணாச்சி.”

“எந்த நீலம், தம்பி?”

“துணிக்குப் போடுற நீலம்.”

“அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?”

தெரியும் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன் ஒரு நாள். “அப்படியா? எங்க, சொல்லுங்க பாப்போம்” என்று கல்லாப்பெட்டியை மூடிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு எங்கே தெரியும்! அதற்கப்புறம் அவுரிச் செடியிலிருந்து ஆரம்பித்தார். அவர் ஊர்ப் பக்கம் தொட்டி தொட்டியாகச் செடியை ஊறப்போட்டு அடிப்பார்களாம். நாற்றம் மூக்கைப் பிடுங்குமாம். தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு முழங்கால் வரை நீலம் ஏறிவிடுமாம். பெண் கேட்டுப் போனால் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே குலம் சொல்லிவிடுவார்களாம். பிறகு வெள்ளைக்காரன் சீமையில் சீசாவுக்குள்ளேயே நீலம் காய்ச்சக் கற்றுக்கொண்டானாம், தொட்டியெல்லாம் வறண்டுபோச்சாம். “கலஹாப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்குதே சனம், அதுல பாதி அவுரித் தொட்டிக்காரங்க வீட்டு ஆளுங்கதான். நீலம் செத்துச்சு, பச்சைக்கு வந்து சேந்தாங்க” என்றார்.

இதில் எவ்வளவு மெய், எவ்வளவு அவருடைய கைச்சரக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நேரம் போய்விட்டது, வீட்டில் எனக்குப் பூசை காத்திருக்கிறது. போதாக்குறைக்கு அவர் பேசிக்கொண்டே கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். நீலத்தை வாங்க மறந்தே போனேன்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். கண்டித் திருகோணமலை வீதியில் அவருக்கு ஒரு சின்னக் கடை. மஞ்சள், குங்குமம், சுண்ணாம்பு, செங்காவிக்கல், சீமைச் சாயப் பொட்டலம், கர்ப்பூரம் எல்லாம் கிடைக்கும். பத்து விரலும் பத்து நிறமாக இருக்கும். தேநீர்க் கடையில் அவர் குடித்து வைத்த கோப்பை மற்றக் கோப்பைகளோடு சேராமல் தனியாகத் தெரியும், விளிம்பில் ஒரு பக்கம் குங்குமமும் மறுபக்கம் மஞ்சளும் ஒட்டியிருக்கும். ஆனால் உடுத்துவது மட்டும் வெளுக்காத, சாயம் காணாத காடாத் துணி. ஏன் என்று கேட்டதற்கு, “நான் எல்லா நெறத்துக்கும் பொதுவான ஆளு, தம்பி. ஒண்ணைக் கட்டிக்கிட்டா இன்னொண்ணு கோவிச்சுக்கும்” என்றார். பொதுவான ஆளாம்! அந்தக் காடாத் துணியில் மடி முழுக்க மஞ்சள், தோளில் காவி, முதுகில் எப்படி வந்ததோ நீலம்.

அவருக்கு நிறம் என்பது கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம் மட்டும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு, ஒரு சொந்தக்காரர் உண்டு. வாங்க வருகிறவன் அந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் வெளியே போகக்கூடாது. தெரிந்துகொண்டால் வாங்காமலே போய்விடுவான். வியாபாரம் விளங்கினாற்போலத்தான்.

ஒரு தடவை கலஹாவிலிருந்து ஒரு தோட்டக் கங்காணி வந்தார். தோட்டத்து அம்மன் திருவிழாவுக்குக் கொடிச்சீலை நனைக்கச் சிவப்புச் சாயம் வேண்டும். நானும் அப்போது கடையில் இருந்தேன்.

“தோட்டத்துல இந்த வருசம் யாருக்காவது அம்மை போட்டிருக்கா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“கீழ் லயத்து வீடுகள்ல ரெண்டு புள்ளைங்களுக்கு.”

“அப்ப செவப்புத் தரமாட்டேன். செவப்பு ஆத்தாளோட கோவம். மஞ்சள் அவ மனசு குளுந்த நெறம். கோவத்துல இருக்கிறவளுக்குக் கோவத்தையே கொடி கட்டிக் காட்டுவீங்களா?”

மனுசர் அரண்டுபோனார். மஞ்சளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் தோட்டத்துப் பூசாரி, கொடிக்குச் சிவப்புத்தான் முறை என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேலை கெட்டு, பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, மழையில் நனைந்து வந்து கடை வாசலில் நின்று கங்காணி வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. அண்ணாச்சி அசையவில்லை. அந்த மஞ்சளைத் திரும்ப வாங்கி, கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, சுண்ணாம்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தார். கண்ணுக்கு முன்னாலேயே மஞ்சள் சிவந்தது.

“பாத்தீங்களா? செவப்பு வெளியேருந்து வரலை. மஞ்சளுக்குள்ளதான் ஒளிஞ்சிருந்துச்சு. சுண்ணாம்பு போய்க் கூப்புட்டுச்சு, வந்துருச்சு. குங்குமமே அப்படித்தான். அம்மனும் அப்படித்தான்.”

கங்காணி வாயைப் பிளந்து பார்த்தார். வைய வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும்தான் ஒரு கணம் மெய்ம்மறந்து நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அவரிடம் ஆபத்து. எரிச்சல் உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து எதையாவது காட்டி ஆளை மடக்கிப்போடுவார்.

என் மனைவிக்கும் அவருக்கும் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பல் கடிக்கிறது. அவளுடைய கலியாணச் சேலை நல்ல அரக்குப் பட்டு. அவள் வீட்டில் சுத்த சைவம், முட்டை ஓட்டைக் கண்டால்கூட ஒதுங்கிப் போவார்கள். ஒரு தைப்பொங்கலுக்கு அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு அண்ணாச்சிக்குப் பொங்கல் கொடுக்கப் போனாள். சேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே?

“அரக்குன்னா என்னன்னு நெனைக்கிறீங்க, தங்கச்சி? பூச்சி. மரத்துல அப்பிக் கெடக்கிற பூச்சி. அதைச் சுரண்டி, அரைச்சு, வடிச்சு எடுக்கிற செவப்பு அது.”

அவள் பொங்கல் பானையை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்து கிணற்றடியில் தலை முழுகினாள். சேலை அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது, மறுபடி வெளியே வரவே இல்லை. பட்டும் பூச்சியிலிருந்து வருவதுதான் என்று நான் வாயைத் திறக்காமல் இருந்தது என் நல்ல காலம்.

“அவர்கிட்ட இனிமே நீங்க பேசக்கூடாது” என்றாள்.

“நான் எங்கே பேசுறேன்? அவர்தான் பேசுறார்” என்றேன். உண்மையும் அதுதான்.

சரி, நாடக விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொன்னதாக ஆகாது.

நான் ஒரு சிங்கள முதலாளியின் கிட்டங்கியில் கிளாக்கராக இருந்தேன். பாக்கும் மிளகும் வாங்கி மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்புகிற இடம். நாங்கள் குடியிருந்த வீடும் அவருடையதுதான், கிட்டங்கி வளவிலேயே இருந்தது. ஊர்த் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு நாடக சபை வைத்திருந்தோம். அதற்கு நானே ஒரு நாடகம் எழுதினேன். ஒரு மந்திரவாதி சந்நியாசி வேசத்தில் வந்து அரண்மனை வாசலில் பிச்சை கேட்கிறான். இளவரசி பிச்சை போட வெளியே வருகிறாள். உடனே அவன் மேல்துணியைப் பிடுங்கி எறிந்து, உள்ளே இருக்கிற கறுப்பு வெல்வெட்டும் வெள்ளிச் சரிகையும் பளபளக்க ஒரு சிரிப்புச் சிரித்து, அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். மந்திரவாதி நான்தான். அந்தச் சிரிப்புக்காகவே நாடகத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். ஏரிக்கரையில் காலை நேரம் ஆள் இல்லாத பக்கமாகப் போய்ச் சிரித்துச் சிரித்துப் பழகினேன். கொக்கெல்லாம் இடம் மாறிப்போனது.

மண்டபம் வாடகைக்கு எடுக்க எங்களால் ஆகாது. முதலாளியிடம் கேட்டேன், மூட்டைகளை ஓரம் கட்டிவிட்டுக் கிட்டங்கியிலேயே போடலாம் என்றார். நல்ல மனுசர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் ஒன்று சொன்னார்.

“அம்மாவும் வாறாங்க. கண்ணில படலம் விழுந்து அவங்களுக்கு ஒண்ணும் சரியாத் தெரியிறதில்லை. பாட்டுக் கேக்க ஆசையா இருக்கிறாங்க. எங்கட சமயத்தைக் கேலி செய்யிற மாதிரி ஏதும் இருக்கக்கூடாது. இருந்தா உனக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. இப்பவே சொல்லிட்டேன்.”

“அப்படி ஒண்ணும் இல்லீங்க, முதலாளி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போதுதான் உறைத்தது. என் சந்நியாசி உடுத்துவது காவி அல்லவா? கண்டியில், ஹாமதுருமார் என்கிற புத்த பிக்குகள் மஞ்சள் உடுப்போடு வரிசையாகப் போகிற ஊரில், அந்த மாதிரித் துணியோடு ஒருவன் மேடையேறிப் பெண்ணைத் தூக்கினால் என்ன ஆகும்?

நிறம் மாற்றிவிட வேண்டியதுதான். அதற்கு நான் யாரிடம் போனேன்? வேறு யாரிடம் போவது, சபைக்கு வேசமும் உடுப்பும் அண்ணாச்சிதானே! என் தலையெழுத்து.

எங்கள் வீட்டு முன்னறையில் கூடினோம். காஸ் விளக்கும் துணியும் இரவல் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த ஜவுளிக்கடை முஸ்லிம் நானாவும் வந்திருந்தார். வெள்ளை கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

“போயாப் பௌர்ணமியில விகாரைக்குப் போயி சில் விரதம் எடுக்கிறவங்க கட்டுறது வெள்ளை. ஒங்க முதலாளியோட அம்மா கட்டுறதே வெள்ளை. அவங்களையா மேடையில பிச்சையெடுக்க விடப்போறீங்க?” என்றார் அண்ணாச்சி.

“பச்சை?”

நானா பதறிப்போனார். “பச்சைய மட்டும் விட்டுருங்க, புள்ள. எங்கட தர்கா அவுலியாட கொடி நெறம். நம்ம ஆக்களும் நாடகம் பாக்க வருவாங்க.”

“அப்ப சிவப்பு.”

“அம்மன் சொத்து. புசல்லாவைத் தோட்டத்துச் சனம் மேடையில ஏறி மொத்தும்” என்றார் அண்ணாச்சி.

“நீலம்?”

“சனி பகவானுக்குரியது. சபை வெளங்குமா?”

“கறுப்பு!”

“கறுப்பைக் கட்டிக்கிட்டுப் பிச்சை கேட்டா எவ வெளிய வருவா? நாயை அவுத்து விடுவா.”

“சாம்பல் நிறம் இருக்கே, அண்ணாச்சி!”

“திருநீறு. சிவனுக்கு எதிரா என்னையப் பேசவைக்காதீங்க.”

இந்தப் பெரிய ஊரில், கடை கடையாக, வீதி வீதியாகத் துணி தொங்குகிற ஊரில், ஒரு அயோக்கியனுக்கு உடுத்த சொந்தக்காரர் இல்லாத நிறம் ஒன்றுகூட மிச்சமில்லை. உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “பேசாம ஒண்ணும் கட்டாமப் போகச் சொல்லுங்க!”

“அதுக்கும் ஆளு இருக்கு, தங்கச்சி” என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் சிரிக்காமல். “சமணச் சாமிமாரு. திசையையே உடுத்துறவங்க.”

கடைசியில் அவரே வழி சொன்னார். எங்கள் சந்நியாசிகளின் காவி செங்காவிக்கல்லை உரைத்து எடுப்பது, செங்கல் மாதிரி இருக்கும். ஹாமதுருமாரின் மஞ்சள் பலாக்கட்டையை அவித்து எடுப்பது, பலாச்சுளை மாதிரி இருக்கும். “கல்லுக்குப் பொறந்ததும் மரத்துக்குப் பொறந்ததும் ஒண்ணாகுமா? பச்சைப் புள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். நல்ல கல்லாப் பாத்து, செங்கல் நெறத்துல நான் நனைச்சுத் தாறேன். ஒருத்தன் வாயைத் தொறக்கமாட்டான்.”

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

சாயம் போடுகிற அன்று கடைக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அண்டாவில் மரச் சிராய் கொதித்துக்கொண்டிருந்தது. மணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணாச்சி, இது பலாக்கட்டை இல்லையா?”

“ஆமா.”

“பலாக்கட்டை எதுக்கு? கல்லுன்னுதானே சொன்னீங்க!”

“கல்லு மேலாப்புல நிக்கிற நெறம், தம்பி. அதுக்கு வேர் கிடையாது. அடியில ஒரு மரத்தோட நெறம் இருந்தாத்தான் கல்லு உக்காரும். முதல்ல பலா, அதுக்கு மேல காவிக்கல்லு. கவலைப்படாதீங்க, அடி நெறம் வெளிய தெரியாது.”

அங்கேயே அண்டாவைக் கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் அவர் கொண்டுவந்து விரித்த துணி அசல் செங்கல் நிறம். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், நிழலில் பிடித்துப் பார்த்தேன், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மஞ்சள் எங்கேயும் தெரியல” என்று அவளே சொல்லிவிட்டாள். நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நாடகத்தன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், விடுவதற்கு அதற்கே மனசு வரவேண்டும். ஆனாலும் சாயங்காலம் கிட்டங்கி நிறைந்துவிட்டது. முன்வரிசைக் கதிரைகளில் முதலாளி, அவருடைய தாயார், அவர்கள் வீட்டு ஆட்கள், பக்கத்துச் சிங்களக் கடைக்காரர்கள். அடுத்து நானாவும் அவருடைய ஆட்களும். பின்னால் பாய் விரித்துத் தோட்டத்துச் சனம். மேடைக்குப் பின்னால், மிளகு மூட்டைகளுக்கு நடுவில், நாங்கள் தும்மிக்கொண்டே வேசம் போட்டுக்கொண்டோம். இளவரசியாக நடித்த தையற்காரப் பையனுக்குத் தும்மித் தும்மி மூக்கில் பூசிய மாவெல்லாம் போய்விட்டது.

அண்ணாச்சி உடுப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையோடு மழையாக வந்து சேர்ந்தார். மேடைக்குப் பின்னால் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அரிக்கன் லாந்தர். அந்த மங்கலில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருந்தது. வெல்வெட்டுக்கு மேல் அவரே சுற்றிவிட்டார். உடம்பு ஜில்லென்றது.

“ஏன் இப்படி ஈரமா இருக்கு?”

“மழையில வந்தேன்ல” என்றார். எப்போதும் நிறுத்தாமல் பேசுகிற மனுசர் அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

ஆர்மோனியம் என் பாட்டை எடுத்தது. படுதாவை விலக்கிக்கொண்டு காஸ் விளக்கின் வெளிச்சத்துக்குள் போய் நின்று, “தாயே, பசி!” என்று குரல் கொடுத்தேன். கையை நீட்டினேன். நீட்டிய கையில் தொங்கிய துணியைப் பார்த்தேன்.

மஞ்சள். சுத்தமான, ஒரு திட்டுக்கூட இல்லாத, பலாச்சுளை மஞ்சள்.

ஐயோ, நான் செத்தேன் என்று நினைத்தேன். அந்த நேரம் முன்வரிசையில் ஒரு கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. முதலாளியின் தாயார் எழுந்துவிட்டார். படலம் விழுந்த அந்தக் கண்களுக்கு என்னுடைய சடாமுடியும் தெரியவில்லை, தாடியும் தெரியவில்லை. மங்கலுக்குள் அந்த ஒரு நிறம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹாமதுருவைக் கண்டதுபோல் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, “சாது, சாது” என்றார்.

தாயார் எழுந்ததும் முதலாளி எழுந்தார். முதலாளி எழுந்ததும் வரிசை முழுதும் எழுந்தது. பெரியவர்கள் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று நானாவும் அவருடைய ஆட்களும் எழுந்தார்கள். முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் தோட்டத்துச் சனமும் எழுந்தது. கிட்டங்கி முழுக்க எழுந்து நிற்கிறது, மேடையில் நான் நிற்கிறேன். அந்த அம்மா மெதுவாக முழங்காலிட்டு, சிமெந்துத் தரையில் நெற்றி படக் குனிந்தார்.

இளவரசி வேசக்காரப் பையன் பிச்சை போட வந்து என் பக்கத்தில் நின்றான். நான் துணியைப் பிடுங்கி எறிய வேண்டிய இடம் இது. சிரிக்க வேண்டிய இடம். என் கை என்னை அறியாமல் தோள் முடிச்சுக்குப் போய்விட்டது.

“தூக்குங்கண்ணே!” என்று கிசுகிசுத்தான்.

முதலாளியைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சில் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை எடுத்தேன். பிச்சையை வாங்கிக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியே மெல்ல நடந்து உள்ளே போய்விட்டேன். சிரிப்பும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. இளவரசி தூக்குவார் இல்லாமல் மேடை நடுவில் நின்று இரண்டு தும்மல் தும்மினான். அடுத்த காட்சிக்கு வரவேண்டிய இளவரசன் வெளியே நடந்தது தெரியாமல் வேகமாக ஓடிப்போய், “எங்கே என் கண்மணி? யார் கவர்ந்தார்?” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

“யோவ், பக்கத்துலதானய்யா நிக்குது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தோட்டத்துச் சனம் கொல்லென்று சிரித்தது. படுதாவை இறக்கிவிட்டோம். நான் எழுதிய நாடகம் அதோடு சரி.

உள்ளே அண்ணாச்சியைக் கழுத்தைப் பிடிக்காத குறையாக மூட்டையில் சாய்த்தேன். “செங்கல் நிறம் எங்கேய்யா போச்சு?”

“வர்ற வழியில மழை பட்டு காவி அங்கங்க கரைஞ்சிருச்சு, தம்பி. ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் மஞ்சள்னு திட்டுத் திட்டா அசிங்கமா இருந்துச்சு. அதான் வாசல் கூரைப் பீலித் தண்ணியில முழுசும் அலசிட்டேன். ஒரே நெறமா இருக்கணும்ல?”

அலசிவிட்டாராம்! ஒரே நிறமாக இருக்க வேண்டுமாம்! என் வேலை, என் வீடு, அலுமாரி, பாத்திரம் பண்டம், மனைவி எல்லாம் அந்த மழையில் வீதியில் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா எழும்பினா நான் இருக்க ஏலுமா?” என்றார். என் தோள் முடிச்சைச் சுட்டிக் காட்டினார். “நீ அதைக் கழட்டப் போனாய்.”

“ஆமாங்க, முதலாளி.”

“கழட்டல்லை.”

“இல்லீங்க.”

“கழட்டியிருந்தா நாளைக்கு நீ வேறு ஊர் பாக்க வேண்டியிருந்திருக்கும்.” வாசல் பக்கம் திரும்பியவர் நின்றார். “காலையில நேரத்துக்கு வேலைக்கு வா. மூட்டையெல்லாம் பழைய இடத்துக்கு அடுக்கணும். இன்னொண்ணு, அம்மா வண்டியில ஏறிப் போற வரைக்கும் அதைக் கழட்டாதே. அவங்க சந்தோசமா இருக்கிறாங்க.”

வேலை தப்பியது, வீடு தப்பியது. மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. எத்தனை மாதம்! எத்தனை காலை ஏரிக்கரையில் சிரித்துப் பழகினேன்! ஊர் முழுக்க இனி என்னைப் பிச்சை வாங்கிக்கொண்டு போன மந்திரவாதி என்றுதான் சொல்லும். சொன்னார்கள், கண்டியை விட்டு வருகிற வரைக்கும் சொன்னார்கள்.

வெளியே மோட்டார் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் எல்லாரும் அந்த அம்மாவை வழியனுப்ப வாசலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே நானும் அவரும்தான். மனுசர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தால் பிள்ளை பரீட்சையில் தேறிய தகப்பனுடைய முகமாக இருந்தது.

“தம்பி, ஏரிக்கரையில போயி அந்தக் கத்துக் கத்திப் பழகினீங்களே, அதுக்கு ஒருத்தனாவது எழும்பியிருப்பானா? துணிக்கு எழும்புனாங்க பாத்தீங்களா? கண்ணுத் தெரியாத மனுசி எழும்புச்சு!”

எழுந்தேன். கையை ஓங்கினேன். அறைந்தே தீருவது என்றுதான் ஓங்கினேன், சத்தியமாக. அவரும் நகராமல் கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். தடுக்க ஆள் இல்லை, பார்க்கவும் ஆள் இல்லை. ஓங்கிய கையிலிருந்து அந்த மஞ்சள் துணி என் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. அது எனக்கு என்ன உறவு? நான் பிறந்த சமயமா, வளர்ந்த சமயமா? பாக்குக் கிட்டங்கிக் கிளாக்கர் நான், உள்ளே வெல்வெட்டுப் போட்ட போலிச் சந்நியாசி. இருந்தும் அதைச் சுற்றிக்கொண்டு ஒரு மனுசனை அடிக்க எனக்குக் கை வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. மெல்லக் கீழே இறக்கினேன்.

அவர் என் கையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“துணிக்கு நீங்களுமா, தம்பி?” என்று கேட்டார்.